அல்பாகா வேண்டாம், ஊசி போதும்



நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னை மாகாணத்தில் வக்கீல்களும் தலைமையாசிரியர்களும் கறுப்பு அல்பாகா கோட்டு அணிவது சர்வசாதாரணம். தலையில் தலைப்பாகை, இடுப்பில் பஞ்சகச்சம், மேலே அல்பாகா கோட்டு. கனமில்லாமல், பளபளப்போடு, நாலைந்து வருடம் உழைக்கும் துணி அது. அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவர்களில் அல்பாகா என்ற பிராணியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தக் கோட்டுத் துணியை நெய்து காசு பார்த்த இங்கிலாந்து ஆலைக்காரர்களும் அதை வளர்த்தவர்கள் அல்லர்.

இன்றைய உரைக்கு இதுதான் வாசல். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டிலிருந்தபடியே குரோஷா, பின்னல், எம்பிராய்டரி செய்து விற்கும் பெண்கள் பெருகி வருகிறார்கள். அல்பாகாக் குட்டிகளின் படங்களும் கைபேசிகளில் சுற்றி வருகின்றன. பார்க்கிறவருக்கு, நாலு பிராணி வாங்கி ஒரு மூலையில் கட்டிவைத்தால் நூலும் கிடைக்கும், வருமானமும் வரும் என்று தோன்றுவது இயல்பு. அந்த ஆசையைக் கேலி செய்ய இந்த உரை எழுதப்படவில்லை. ஆசைக்குப் பின்னால் உள்ள கணக்கை எடுத்து வைக்கவே எழுதப்பட்டது.

முதலில் பிராணி. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டர் உயரத்தில், மரமில்லாத வறண்ட புல்வெளிகளில் வாழ்வது அல்பாகா. ஒட்டகக் குடும்பம். காட்டில் திரியும் விகுஞ்ஞா என்ற சிறு பிராணியிலிருந்து ஆறு, ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் பழக்கி எடுத்தது என்பதை 2001ல் ஜேன் வீலர் உள்ளிட்டோர் வெளியிட்ட மரபணு ஆய்வு உறுதி செய்தது. உலகத்து அல்பாகாக்களில் பெரும்பகுதி பெருவில்தான் இருக்கின்றன. ஹுவாகாயா, சூரி என இரண்டு வகை. முன்னது பஞ்சுபோல் புசுபுசுவென்றிருக்கும். பின்னதன் ரோமம் சடைசடையாகத் தொங்கும். வருடத்துக்கு ஒருமுறை ரோமம் கத்தரிப்பார்கள். சினைக்காலம் பதினொன்றரை மாதம், ஈற்றுக்கு ஒரே குட்டி. மந்தையிலேயே பிறந்து வளர்வதால் தனியாகக் கட்டிவைத்தால் ஏங்கிப் போய்விடும். ஈற்றுக்கு ஒன்றே என்பதால் மந்தை பெருகும் வேகமும் மிக மெல்ல.

இந்த ஊர் அதற்குப் பொருந்துமா? அல்பாகா வளர்ப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுவார்கள். தொகை 120க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் நிழல், மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர் எல்லாம் கட்டாயம். 180ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. இப்போது கோலாலம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 24 பாகை செல்சியஸ், அதாவது 75 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 95 என்றால் தொகை 170. நடுப்பகலில் 33 பாகை, அதாவது 91. ஈரப்பதம் 60ஆகக் குறைந்தாலும் தொகை 151. நாம் குளுகுளு என்று சொல்லும் விடியற்காலைதான் அதற்கு இன்னும் மோசம். கேமரன் மலைக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்கலாம். அங்கே 18 பாகை, 64 ஃபாரன்ஹீட்; மூடுபனியோடு ஈரப்பதம் 90. தொகை 154. மலை மேலும் கணக்கு தேறவில்லை.

உடம்புச் சூட்டை அல்பாகா வெளியேற்றுவது பெரும்பாலும் வயிற்றுப் புறத்தாலும் தொடையின் உட்புறத்தாலும். அங்கேதான் ரோமம் மெல்லியது. வெயிலில் வாடும் பிராணியின் முதுகில் அன்பாகத் தண்ணீரை ஊற்றினால், நனைந்த ரோமம் சூட்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நனைக்க வேண்டியது வயிற்றையும் கால்களையும்தான். இந்த ஒரு விவரம் தெரியாமல் அன்பு காட்டினாலே பிராணி செத்துப்போகக்கூடும். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் ஊரில், கத்தரிக்கும் ஒரு நாளுக்காக முந்நூற்றுச் சொச்சம் நாள் அதைத் தவிக்க வைப்பது நியாயமில்லை.

பிராணியை இடம்பெயர்த்துப் பணம் பண்ணும் கனவு புதிதுமில்லை. சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரி, பெரு நாட்டின் தடையை மீறி, மலை மலையாகப் பல வருடம் மந்தையை ஓட்டிக்கொண்டு போய், 1858 நவம்பரில் 250க்கும் மேற்பட்ட அல்பாகா, லாமாக்களோடு சிட்னியில் இறங்கினார். பெரும் பாராட்டு, பெரும் எதிர்பார்ப்பு. சில ஆண்டுகளில் எல்லாம் கரைந்துபோயிற்று. மந்தை சிதறியது, அவர் கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

லெட்ஜரின் கதையில் கிள்ளானுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் சற்று விலகிச் செல்ல வேண்டியிருக்கிறது. அல்பாகாவில் தோற்ற அதே மனிதர், பொலிவியாவைச் சேர்ந்த மானுவேல் இங்க்ரா மமானி என்ற பழங்குடி உதவியாளர் சேகரித்துக் கொடுத்த, கொய்னா மருந்து தரும் சின்கோனா மரத்தின் விதைகளை 1865ல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பகுதியை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். உலகத்துக் கொய்னாவில் பெரும்பகுதி அங்கிருந்து வரலாயிற்று. 1901ல் கிள்ளானும் புதிதாகத் திறந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமுகமும் மலேரியாவில் மூழ்கியபோது, டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழித்தது பாடப்புத்தகங்களில் இடம்பெறும் வரலாறு. வடிகால் எட்டாத தோட்டங்களில் நம் முன்னோரின் உயிரைப் பிடித்துவைத்தது கொய்னா. விதை சேகரித்த மமானி பிற்காலத்தில் பொலிவியாவில் சிறையில் அடித்து வதைக்கப்பட்டு இறந்துபோனார். தாவரத்துக்கு லெட்ஜரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

அல்பாகாவில் உண்மையாகப் பணம் பண்ணியவர் டைட்டஸ் சால்ட் என்ற இங்கிலாந்து ஆலைக்காரர். 1836ல் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் வாங்க ஆளில்லாமல் அழுக்காகக் கிடந்த ரோம மூட்டைகளை அவர் எடுத்துப்போனார். நூற்றுப் பார்த்தவர்கள் கைவிட்ட சரக்கு அது. அவர் பொறுமையாகச் சோதித்துக் கண்டது ஒரு நெசவு நுட்பம்: பருத்தியைப் பாவாகப் போட்டு, அல்பாகாவை ஊடையாக ஓட்டுவது. துணி லேசாயிற்று, பளபளத்தது, விலையும் கட்டுப்படியாயிற்று. 1853ல் திறந்த ஆலையைச் சுற்றித் தொழிலாளர்களுக்காக ஓர் ஊரையே கட்டினார். சால்டேர் என்ற அந்த ஊர் 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். நம் வக்கீல்களின் கோட்டு இந்த வழியில் பிறந்ததுதான். சால்ட் சம்பாதித்தது பாவு, ஊடை பற்றிய அறிவால்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1984ல் அங்கே அல்பாகா இறக்குமதி தொடங்கியது. 1998ல் வெளிநாட்டுப் பிராணிகளைப் பதிவேட்டில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். வரத்து நின்றது, இருப்பதன் விலை எகிறியது. ஒரு நல்ல பெண் அல்பாகா பல்லாயிரம் டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர் குட்டி போடவைத்து இன்னொரு புதியவருக்கு விற்றார், அவர் அடுத்தவருக்கு. ரோமத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2007ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் டினா சைட்டோன், ரிச்சர்டு செக்ஸ்டன் இருவரும், ரோமத்தின் வருமானத்தால் இந்த விலைகளை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது, இது வெறும் ஊகக் குமிழி என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே பொருளாதார மந்தம் வந்தது. ஓய்வூதியத்தைப் போட்டு வாங்கிய பிராணிகளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத நிலைக்குப் பலர் வந்தார்கள். தமிழ்நாட்டில் ஈமுப் பண்ணைத் திட்டங்களில் பணம் போட்டுக் கைசுட்டுக்கொண்ட குடும்பங்களுக்கு இந்தக் கதை விளக்கம் இல்லாமலே புரியும். ஈரோடு மாவட்டம் பெருந்துறையைச் சுற்றி ஈமுக் கோழித் திட்டங்கள் 2012ல் சரிந்தபோது வீதிக்கு வந்தவர்கள் நம் உறவுக்காரர்கள்தான்.

சரி, பெருவிலாவது வளர்ப்பவர் செழிக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. புனோ, குஸ்கோ மலைகளில் சிறு மந்தை வைத்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ரோமத்தை எடைக்கு விற்கின்றன. மெல்லியது, முரடு எல்லாம் ஒரே தராசில். சாயமேற்ற வசதி என்பதால் ஆலைகள் வெள்ளையையே கேட்க, இருபதுக்கும் மேற்பட்ட இயற்கை நிறங்கள் மந்தைகளில் அருகிவிட்டன. மதிப்பு கூடுவது மலையடிவாரத்து அரெக்கிபா நகரில். அங்கே 1931ல் தொடங்கிய மிச்செல் போன்ற ஆலைகளில், ரோமக் குவியலுக்கு முன்னால் நின்று தரம் பிரிப்பவர்கள் பெண்கள். கருவி எதுவும் கிடையாது. விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தே, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இருபது பங்கு தடிப்பா, இருபத்தைந்து பங்கா என்று சொல்லிக் கூடை கூடையாகப் பிரிக்கிறார்கள். பல வருடப் பயிற்சி அந்த விரல்களில் இருக்கிறது. கடையில் ‘பேபி அல்பாகா’ என்று விற்பது குட்டியின் ரோமமும் அல்ல. இந்தப் பெண்கள் மெல்லியது என்று பிரித்துப் போட்ட ஒரு தரம், அவ்வளவே. பெரிய பிராணியின் உடம்பிலிருந்தும் அது வரும்.

ஆகவே மேய்ச்சல் வெளியில் கிடைக்காத காசு, தரம் பிரிக்கும் மேசையிலும் பின்னும் மடியிலும் பிறக்கிறது. இதற்கு ஆண்டிஸ் வரை போகவே தேவையில்லை. தமிழ் மண்ணிலேயே அத்தாட்சி இருக்கிறது.

நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாய்களைக் கோயம்புத்தூர் ஆட்டோடு சேர்த்து ஓர் இனத்தை உருவாக்கினார்கள். நீலகிரி ஆடு என்று பெயர். தென்னிந்தியாவில் உடுக்கத் தகுந்த மெல்லிய கம்பளி தரும் இனம் அது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றி வருகிறது. அங்கே மேம்படுத்திய கலப்பினத்துக்கு ஊரின் பெயராலேயே சாண்டினோ என்று பெயர். ஆனாலும் தேயிலை பரவி, மேய்ச்சல் சுருங்கி, இனம் அருகிக்கொண்டே போகிறது. வருடத்துக்கு ஓர் ஆடு தரும் கம்பளி ஒரு கிலோகூடத் தேறாது. அதை வாங்கிச் சுத்தம் செய்து நூலாக்கும் வழி பக்கத்தில் இல்லாததால் பலருக்கு ஆட்டுப் புழுக்கைதான் லாபம்.

அதே மலையில், ஆடே வளர்க்காத, நெசவும் செய்யாத ஒரு சமூகத்தின் கைவேலை உலகப் புகழ் பெற்றது. தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். துணியை வெளியிலிருந்து வாங்கினார்கள், நூலையும் வாங்கினார்கள். அந்த முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் தோடப் பெண்கள் கறுப்பு, சிவப்பு நூலால் போடும் பூவேலைக்குக் கோடு வரைந்துகொள்வதில்லை, அச்சும் வைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். தையலின் ஒரு பக்கம் சீராகவும் மறுபக்கம் நூல் வளையங்கள் புடைத்தும் நிற்கும். புடைத்து நிற்கும் பக்கத்தைத்தான் அவர்கள் வெளியே காட்டிப் போர்த்துவார்கள். தொலைவில் நின்று பார்த்தால் தறியில் நெய்த கரை என்றே தோன்றும். பூத்குளி என்ற அந்தப் போர்வை பிறப்பு முதல் இறப்பு வரை அவர்களோடு வருவது. 2013ல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுமார் இரண்டாயிரம் பேரே உள்ள ஒரு சமூகம், எண்ணும் கண்ணாலும் ஊசியாலும் அதைச் சாதித்திருக்கிறது.

ஊசி என்றதும் இன்னொன்று. உலகமெங்கும் பின்னல் வேலை செய்பவர்கள் கையில் இருக்கும் ‘போனி’ முத்திரைப் பின்னல் ஊசிகளும் குரோஷாக் கொக்கிகளும் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து போகின்றன. நீடில் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்தக் கம்பெனி 1949ல் இங்கிலாந்துக் கம்பெனியின் துணை நிறுவனமாகத் தொடங்கியது.   கோலாலம்பூர் நூல்கடையில் இனி ஒரு கொக்கி வாங்கும்போது அதன் முத்திரையைப் பாருங்கள். கேத்தியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இப்போது நம் வாசலுக்கே வருவோம். கிள்ளானிலிருந்து தெற்கே போனால் கேரித் தீவு. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கம்போங் சுங்கை பும்பூனில் மா மேரி பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஆண்கள் செதுக்கும் முகமூடிகளுக்குப் பெயர் அதிகம். பெண்கள் தாழை இனத்து ஓலைகளை வெட்டி, ஓரத்து முள்ளைச் சீவி, ஒரே அகலத்தில் கீறி, வேகவைத்து, காயவைத்து, சாயமேற்றிப் பின்னுகிறார்கள். ஓலையின் அகலம் நூலளவு பிசகினாலும் பின்னலின் கட்டம் சாய்ந்துவிடும். அதனால் பின்னுவதைவிடக் கீறுவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ‘தொம்போக் தொப்போ’ என்ற பெயரில் அந்தப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பைகள், பெட்டிகள், பாய்கள் செய்து விற்கிறார்கள். ‘கெராய் ஓஏ’ என்ற தன்னார்வலர் அமைப்பு பழங்குடியினரின் கைவினைகளைக் கோலாலம்பூர்ச் சந்தைகளில் வைத்து, விற்ற பணம் முழுவதையும் செய்தவர்களிடமே சேர்க்கிறது. இறக்குமதிச் செலவு இல்லை, தீவனச் செலவு இல்லை. ஈரக்காற்று இந்த ஓலைக்கு எதிரியே இல்லை. அதில்தான் அது விளைகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இழைத்தொழில் தொடங்க நினைக்கும் யாரும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் கேரித் தீவு என்பது இந்த உரையின் உறுதியான கருத்து.

அதற்காக அல்பாகா நூலைத் தொடவே கூடாது என்பதில்லை. குளிர்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு கழுத்துத்துண்டு, மெல்பர்னில் இருக்கும் மகளுக்கு ஒரு சால்வை என்று கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் அன்றாட விற்பனைக்குப் பருத்தி நூலே இந்த ஊருக்கு ஏற்றது. கம்பளியோ அல்பாகாவோ வாங்கினால் காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்க வேண்டும். இங்கே அலமாரியில் சும்மா வைத்தால் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும், பூச்சியும் அரிக்கும்.

விலை வைப்பதில்தான் நம் பெண்கள் தங்களுக்கே அநியாயம் செய்துகொள்கிறார்கள். நூல் விலையோடு பத்து ரிங்கிட் சேர்த்துச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் அதிலும் குறைப்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சால்வைக்கு நூல் 60 ரிங்கிட், பின்ன 12 மணி நேரம் என்று வையுங்கள். 2025ல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8.17 ரிங்கிட். 12 மணிக்கு 98 ரிங்கிட் ஆகிறது. நூலோடு 158. பெட்டி, அஞ்சல், இணையக் கடையின் கழிவு இன்னும் சேரவில்லை. அதை 90 ரிங்கிட்டுக்குக் கொடுப்பவர், நூலுக்குப் போக, மணிக்கு இரண்டரை ரிங்கிட்டுக்கு வேலை செய்கிறார். எந்தத் தொழிற்சாலையாவது இப்படிக் கொடுத்தால் நாம் ஊரைக் கூட்டியிருப்போம். 158 ரிங்கிட்டுக்கு வாங்க ஆளில்லை என்றால் சால்வையை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் முடியும் பொருளுக்கு மாறலாம்; உழைப்பின் விலையை மட்டும் குறைக்கக் கூடாது.

பதிவு செய்வதையும் பலர் தள்ளிப்போடுகிறார்கள். 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். இணையத்தில் விற்றாலும் இதே விதிதான். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. 1998ல் தொடங்கிய அரசுக் கடன் அமைப்பான டெக்குன் நேஷனல், இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்பூமி என்ற கடன் திட்டத்தை நடத்துகிறது. பதிவுச் சான்றும் வரவு செலவு எழுதிய நோட்டும் கையில் இல்லாமல் அங்கே போய் நிற்பதில் பயனில்லை. ஒரு நூற்கண்டு வாங்கினாலும் ரசீதை ஒட்டிவைக்கும் பழக்கத்தை இந்த மாதமே தொடங்கலாம். தீபாவளிக்கான ஆர்டர்கள் வருவதற்குள் எந்தப் பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்ற கணக்கும் அந்த நோட்டிலேயே ஏறியிருக்கும்.